நான்கு டிரைவ் ரெய்டு 5-ஐ ஐந்தாக்குதல்: வடபழனி சர்வரின் வேலைப் பதிவு

வடபழனியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவின் கோப்பு சர்வர் இது. இயங்குதளம் டெபியன் 12. நான்கு 4 டிபி டிரைவ்கள் லினக்ஸின் எம்டி என்ற மென்பொருள் ரெய்டில் ரெய்டு 5-ஆக ஒன்றாக்கப்பட்டவை. அந்தத் தொகுதிதான் ‘அரே’, பெயர் எம்டி0, கையாளும் கருவி எம்டிஏடிஎம். அதன்மேல் நேரடியாக எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம். இடையில் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பங்கிடும் அடுக்கு) கிடையாது. கொள்ளளவு 12 டிபி. லினக்ஸ் காட்டும் கணக்கில் 10.91 டெபிபைட். அதில் 88 சதவீதம் நிரம்பியாயிற்று. ஐந்தாவதாக ஒரு 4 டிபி டிரைவைச் சேர்த்து 16 டிபி ஆக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒரு முகூர்த்தக் காட்சிகூடக் காணாமல் போகக் கூடாது.

இதற்கான கட்டளை ஒரே வரிதான். அதைத் தட்டிய பிறகு கெர்னல் என்ன செய்கிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. டிரைவுக்கு ஒரு துண்டு (சங்க்) என்று எல்லா டிரைவ்களிலும் சேர்ந்து அமைவது ஒரு ஸ்ட்ரைப். அதில் ஒரு துண்டு பாரிட்டி: ஒரு டிரைவ் போனால் அதிலிருந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவுவது. பழைய அமைப்பில் ஒரு ஸ்ட்ரைப்புக்கு மூன்று டேட்டா சங்க், ஒரு பாரிட்டி. புதியதில் நான்கு டேட்டா, ஒரு பாரிட்டி. ஆகவே முதல் செக்டரிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் படித்து, பாரிட்டியை மறுபடி கணக்கிட்டு, வேறு இடத்தில் எழுதியாக வேண்டும். இதன் பெயர் ரீஷேப். பழைய நான்கு டிரைவ்களுக்கும் ஒரு நாள் முழுக்க மூச்சு விடாத வேலை. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத மூலையில் ஒரு கெட்ட செக்டர் ஒளிந்திருந்தால் அன்றைக்குத்தான் வெளியே வரும். அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி கட்டளைக்கு முந்தைய வேலையைப் பற்றியது.

வேலைக்கு எடுத்துக்கொண்டது ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, எடிட்டிங் மேசைகள் காலி, கத்திரி வெயிலும் போயிருக்கும். மார்கழியிலும் முகூர்த்தம் இல்லைதான். ஆனால் டிசம்பர் என்றால் சென்னையில் மழையும் புயலும். 2015-லும் 2023-லும் டிசம்பரில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். தரைத்தள சர்வரை வைத்துக்கொண்டு அந்த மாதத்தில் ரீஷேப் ஓட்டுவது வேண்டாத வம்பு.

முதலில் பேக்கப்

ரெய்டு இருக்கிறது, பேக்கப் எதற்கு என்று ஸ்டுடியோக்களில் இன்னமும் கேட்கிறார்கள். ஒரு டிரைவ் செத்தால் வேலை நிற்காமல் ஓட வைப்பது ரெய்டின் வேலை. தவறுதலாக அழித்தது, ரான்சம்வேர், பவர் சப்ளை வெடித்து ஐந்தும் ஒன்றாகப் போனது, இவை எதற்கும் அது பொறுப்பல்ல. ரீஷேப் நடுவே இரண்டு டிரைவ் போனாலும் அதே கதைதான்.

நிரம்பியிருப்பது சுமார் 9.6 டெபிபைட். 10 டிபி டிரைவ் என்பது 9.09 டெபிபைட்தான், போதாது. 12 டிபி வேண்டும். வெளி யுஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கி, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு அனுமதிகள், ஹார்ட் லிங்குகள் உட்பட எல்லாம் நகலெடுக்கப்பட்டது. வினாடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தால் சுமார் 20 மணி நேரம் ஆகும். பிறகு அதே ஆர்சிங்கை ‘செக்சம்’ விருப்பத்தோடு, எதையும் மாற்றாத ஒத்திகை முறையில் இன்னொரு சுற்று ஓட்ட வேண்டும். இது இரு பக்கமும் ஒவ்வொரு பைட்டையும் படித்து ஒப்பிடும். கோப்பின் அளவும் தேதியும் சரி என்பதோடு நின்றுவிடாது. இரண்டாவது சுற்றில் ஒரு கோப்பின் பெயரும் வெளிவராதபோதுதான் அது பேக்கப். கடைசியாக அந்த டிரைவைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, நாலைந்து பெரிய வீடியோ கோப்புகளை நடுவிலிருந்து ஓட்டிப் பார்த்து, சர்வர் இல்லாத வேறு அறைக்கு எடுத்துப் போய்விட வேண்டும். மின்னல் இறங்கினால் மாட்டியிருக்கும் எல்லாமே போகும்.

பழைய நான்கின் உடல்நிலை

டிரைவ் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு ஸ்மார்ட். ஒவ்வொரு டிரைவுக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் அதை எடுத்துப் பார்க்க வேண்டிய எண்கள் நான்கு. 5-ஆம் எண்: மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197: படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 198: சோதனையில் சரிசெய்ய முடியாதவை. 199: கேபிளில் நடந்த சிஆர்சி பிழைகள். 197 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அந்த டிரைவை வைத்துக்கொண்டு விரிவாக்கத்தில் இறங்கவே கூடாது. 5-ஆம் எண் சிறிதாகவும் மாதக்கணக்கில் மாறாமலும் இருந்தால் பயப்படத் தேவையில்லை. வாரா வாரம் ஏறினால் டிரைவ் கிளம்பத் தயாராகிவிட்டது என்று பொருள்.

199 வேறு வகை. அது டிரைவின் கோளாறு அல்ல. கேபிள் அல்லது இணைப்பு முனையின் கோளாறு. இந்தச் சர்வரில் மூன்றாவது டிரைவில் அந்த எண் ஏறிக்கொண்டிருந்தது. சாட்டா கேபிளை மாற்றியதும் நின்றது. எண் பழையபடி பூஜ்யத்துக்குத் திரும்பாது, மேலே ஏறாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் இது இன்னும் அதிகம். உப்புக்காற்றில் கேபிள் மாட்டும் தொடுமுனைகள் கறுத்துப் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பஞ்சு ஒட்டாமல் உலரவிட்டு மாட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

அடுத்தது நீண்ட சுயசோதனை. 4 டிபி டிரைவுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாது, இரவில் விட்டுவிடலாம். அதற்கு மறுநாள் அரே அளவிலான முழுச் சரிபார்ப்பு. எம்டி0-வின் ‘சிங்க் ஆக்‌ஷன்’ கோப்பில் ‘செக்’ என்று எழுதினால் எல்லா ஸ்ட்ரைப்பையும் படித்து, பாரிட்டி பொருந்துகிறதா என்று பார்க்கும். எங்காவது ஒரு செக்டர் படிக்க முடியாமல் போனால் மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு அதே இடத்தில் எழுதிவிடும். நான்கும் நலமாக இருக்கும்போதே இந்த வைத்தியம் நடந்துவிட வேண்டும் என்பதுதான் இதன் பயன். டெபியன் மாதந்தோறும் முதல் ஞாயிறு இதைத் தானாகச் செய்யும்படி வைத்திருக்கிறது. இரவில் சர்வரை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகங்களில் அது ஒருபோதும் முடிவதில்லை.

முடிந்ததும் ‘மிஸ்மேட்ச் கவுன்ட்’ (பொருந்தாதவற்றின் எண்ணிக்கை) பூஜ்யமாக இருக்க வேண்டும். ரெய்டு 1-ல் சில நேரம் பூஜ்யம் இல்லாமல் போவது இயல்பு. ரெய்டு 5-ல் அது சந்தேகத்துக்குரியது. உடனே ‘ரிப்பேர்’ என்று எழுதிவிடாதீர்கள். அது டேட்டா சரி, பாரிட்டி தவறு என்று வைத்துக்கொண்டு பாரிட்டியை மாற்றி எழுதும். கெட்டது டேட்டாவாக இருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் தடயமும் சேர்ந்து அழியும். முதலில் பேக்கப்போடு ஒப்பிட வேண்டும். ரிப்பேர் அதற்குப் பிறகு.

பலர் பார்க்காத இடம் ஒன்று உண்டு: எம்டியின் சொந்தக் கெட்ட செக்டர் பட்டியல். எம்டிஏடிஎம் கருவியில் ‘எக்சாமின்-பேட்பிளாக்ஸ்’ என்று ஒவ்வொரு உறுப்புக்கும் கேட்டால் காட்டும். காலியாக இருக்க வேண்டும். அதில் பதிவு இருந்தால், டிரைவ் தளத்தில் செக்டர் சரியாகிவிட்டிருந்தாலும் எம்டி அதைக் கெட்டது என்றே நம்பிக்கொண்டிருக்கும். அதைத் தீர்க்காமல் விரிவாக்கத்துக்குப் போகக் கூடாது.

சோதனையில் ஒரு பழைய டிரைவ் பலவீனம் என்று தெரிந்தால் அதை ‘ஃபெயில்’ செய்து கழற்றி ஒரு புதியதை மாட்டுவது அவசரக்காரர் வழி. அப்படிச் செய்தால் மறுகட்டமைப்பு முடியும் வரை அரே பாதுகாப்பே இல்லாமல் ஓடும். எம்டிஏடிஎம்மில் ‘ரிப்ளேஸ்’ இருக்கிறது. பழையதை மாட்டியபடியே புதியதற்கு நகலெடுக்கும். படிக்க முடியாத செக்டருக்கு மட்டும் மற்றவற்றை நாடும். வாங்கி வந்த டிரைவ் அதற்குச் செலவாகட்டும். விரிவாக்கம் அடுத்த ஆடிக்குப் போனாலும் போகட்டும்.

ரிச்சி தெருவில் என்ன கேட்பது

“சார், இது கேமராவுக்குப் போடுறது, 24 மணி நேரமும் ஓடும், ரெய்டுக்கும் போடலாம்” என்று கணினிப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் கடைக்காரர் சொல்வார். அதற்கு ஆமாம் சொல்லும் முன் மாடல் எண்ணைப் பாருங்கள். கேட்க வேண்டியது இரண்டு: அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா, பிழை மீட்பு நேரத்தைக் கட்டுப்படுத்த முடியுமா.

சிஎம்ஆர் டிரைவில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிரைவில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒரு தடத்தை மாற்றினால் அடுத்தடுத்த தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். சாதாரண நகலெடுப்பில் உள்ளே இருக்கும் தற்காலிகப் பகுதி இதை மறைத்துவிடும். மணிக்கணக்கில் தொடர்ந்து எழுதும் ரீஷேப்பில் அந்தப் பகுதி நிரம்பி, டிரைவ் பதில் சொல்லாமல் முடங்கும். செத்துவிட்டது என்று நினைத்து அரே அதை வெளியே தள்ளும். 2020-ல் டபிள்யூடி ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையிலான ‘இஎஃப்ஏஎக்ஸ்’ மாடல்கள் எஸ்எம்ஆர் என்று வெளிவந்து பெரிய சர்ச்சையானது இதனால்தான். அதன் பிறகு சிஎம்ஆர் டிரைவ்கள் ‘ரெட் பிளஸ்’ என்ற பெயருக்கு மாறின. சீகேட்டில் 4 டிபி பாரகூடா எஸ்டி4000டிஎம்004 எஸ்எம்ஆர். ஐயன்வுல்ஃப் எஸ்டி4000விஎன்008 சிஎம்ஆர். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். முழு மாடல் எண்ணை நிறுவனத்தின் விவரத்தாளில் பார்த்த பிறகே பணம்.

பிழை மீட்பு நேரம்: மேசைக் கணினி டிரைவ் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் 30 வினாடிதான் காத்திருக்கும், பிறகு டிரைவை ரீசெட் செய்யும். விளைவு, ஒரே ஒரு கெட்ட செக்டருக்காக முழு டிரைவும் அரேயிலிருந்து விழும். நாஸ் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) டிரைவ்கள் 7 வினாடியில் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும். மீதியை ரெய்டு பார்த்துக்கொள்ளும். ஸ்மார்ட்சிடிஎல்லில் ‘எஸ்சிடி இஆர்சி’ மதிப்பை 70, 70 என்று வைத்தால் அது 7 வினாடி. டிரைவ் அதை ஏற்காவிட்டால் கெர்னலின் காத்திருப்பை 180 வினாடியாக உயர்த்த வேண்டும். இரண்டுமே மறுதொடக்கத்தில் நிலைக்காது, தொடக்க ஸ்கிரிப்டில் எழுதி வைக்க வேண்டும். இந்தச் சர்வரின் பழைய டிரைவ்களில் இரண்டு மேசை வகை. அவற்றுக்கு 180 இல்லாமல் இவ்வளவு நாள் ஓடியது அதிர்ஷ்டம்.

ஓடிய டிரைவைப் புதிது என்று விற்பது ரிச்சி தெருவுக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. 2025 தொடக்கத்தில் ஐரோப்பிய விற்பனையாளர்களிடம் வாங்கிய ‘புதிய’ சீகேட் டிரைவ்கள் பல ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை என்று வெளிவந்தது. ஸ்மார்ட்டில் மணிக்கணக்கை அழித்திருந்தார்கள். ‘ஃபார்ம்’ என்ற உள் பதிவேட்டை அழிக்கவில்லை. ஸ்மார்ட்சிடிஎல் அடங்கிய ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 முதல் அந்தப் பதிவேட்டைப் படிக்கலாம். டெபியன் 12-ல் வருவது அதற்கு முந்தைய பதிப்பு, ஆகவே புதிய பதிப்பைத் தனியாக நிறுவிப் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி பில்லில் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள். அந்த எண்ணுக்கு இந்தியாவில் வாரன்டி உண்டா என்று கடையிலேயே நின்று நிறுவனத் தளத்தில் பாருங்கள். வண்டியில் கொண்டுவரும்போது டிரைவ் நிலைமின் தடுப்பு உறைக்குள், அதற்கு மேல் பபிள் ஷீட் சுற்றி, பைக்குள் ஆடாமல் இருக்க வேண்டும்.

புதியதையும் நம்பாதே

வந்த டிரைவை நேராக அரேயில் சேர்க்கவில்லை. பேட்பிளாக்ஸ் கருவியின் எழுதும் சோதனை நான்கு வடிவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படிக்கும். ஆக மொத்தம் எட்டு முழுச் சுற்று. 4 டிபிக்குச் சுற்றுக்கு ஏழெட்டு மணி நேரம் என்றால் இரண்டரை நாள் ஆகும். புதிய டிரைவ் சாவதாக இருந்தால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே சாகும், அது மேசைமேல் நடக்கட்டும். எழுதும் சோதனை இருப்பதை எல்லாம் அழித்துவிடும் என்பதால் அதை வேறொரு கணினியில் ஓட்டுவதே நல்லது. சர்வரிலேயே ஓட்டியாக வேண்டும் என்றால் லினக்ஸ் டிரைவ்களுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள். ஒரு டிரைவ் கூடினால் அந்த எழுத்துகள் இடம் மாறும். ‘பை-ஐடி’ பாதையில் வரிசை எண்ணோடு வரும் பெயரை மட்டும் பயன்படுத்துங்கள். அந்த எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிரைவின் முன்பக்கம் ஒட்டிவிட்டால், பின்னாளில் எந்த டிரைவைக் கழற்றுவது என்ற குழப்பமே வராது.

பார்ட்டிஷன் அட்டவணையை நகலெடுப்பதில் ஒரு பொறி. எஸ்ஜிடிஸ்க் கருவியின் ‘ஆர்’ விருப்பத்தில் முதலில் வருவது போய்ச்சேரும் டிரைவ், பிறகு வருவது மூல டிரைவ். மாற்றிக் கொடுத்தால் காலி அட்டவணை ஓடுகிற டிரைவின்மேல் எழுதப்படும். இதற்குப் பதிலாகப் பழைய டிரைவின் அட்டவணையை ஒரு கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பைப் புதிய டிரைவில் ஏற்றினால் திசை மாறவே வழியில்லை. பிறகு ஜியூஐடியை (டிரைவின் தனி அடையாள எண்ணை) புதிதாக்க வேண்டும். பார்ட்டிஷன் இல்லாமல் முழு டிரைவையும் உறுப்பாக்குவதும் உண்டு. சில மதர்போர்டுகள் அட்டவணை கெட்டுவிட்டது என்று எண்ணித் தாமாகவே அதைத் ‘திருத்தி’ ரெய்டு தலைப்பை (அரேயின் விவரம் எழுதிய பகுதியை) அழித்த கதைகள் இருப்பதால் இங்கே பார்ட்டிஷன்தான்.

கரண்ட், ஒயர், சூடு

3.5 அங்குல டிரைவ் சுழலத் தொடங்கும்போது 12 வோல்டில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். ஐந்து சேர்ந்தால் 10 ஆம்பியர், 120 வாட். பெயர் தெரியாத பவர் சப்ளைகள் இங்கேதான் தடுமாறும். ஐந்தாவது டிரைவுக்குப் பவர் முனை இல்லை என்று மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் வாங்குவோர் கவனிக்க: முனை முழுதும் ஒரே பிளாஸ்டிக்காக வார்த்த வகையில் உள்ளே கம்பிகள் நெருங்கி ஷார்ட் ஆகித் தீப்பிடித்திருக்கின்றன. பின்னை அழுத்தி, மூடியைத் தனியாகப் பொருத்திய வகையை வாங்குங்கள். மதர்போர்டில் சாட்டா முனை போதாவிட்டால் ஏஎஸ்எம்1166 அல்லது ஜேஎம்பி585 சிப் உள்ள கார்டு போதும். ஒரு முனையைப் பலவாகப் பிரிக்கும் போர்ட் மல்டிபிளையர் கார்டுகளும் யுஎஸ்பி பெட்டிகளும் ரெய்டுக்கு ஆகாது. ஒன்று தடுமாறினால் நான்கும் ஒன்றாக விழும்.

மின்சாரம். பராமரிப்புக்காகக் காலை 9 முதல் பிற்பகல் 2 மணி வரை நிறுத்தம் என்று மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும். ரீஷேப் தொடங்கும் முன் நம் பகுதி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அறிவிக்காமல் போகும் கரண்டுக்கு யுபிஎஸ். வீட்டு இன்வர்ட்டரை நம்பியிருப்பவர்கள் அதன் பின்பக்கச் சுவிட்ச் ‘யுபிஎஸ்’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் மாறுவதற்கு எடுக்கும் நேரம், கணினி பவர் சப்ளை தாங்கும் 16, 17 மில்லிவினாடியைத் தாண்டக்கூடும். ஃபேன் நிற்காது, சர்வர் ரீஸ்டார்ட் ஆகும். ஏற்பாடு சரியா என்று அறிய அரேயை நிறுத்திவிட்டு மெயின் சுவிட்சை ஒரு முறை அணைத்துப் பார்ப்பதே வழி.

சூடு: ஆடியிலும் மூடிய அறை பகலில் 33, 34 டிகிரி இருக்கும். முழுச் சரிபார்ப்பின்போது நடுவில் மாட்டிய இரண்டு டிரைவ்களும் 46 டிகிரியைத் தொட்டன. முன்பக்கம் ஒரு 120 மிமீ ஃபேன் போட்டதும் 40-க்குக் கீழே வந்தன. அதற்கு வழியில்லாத கேபினட் என்றால் பக்கத் தகட்டைக் கழற்றி ஒரு டேபிள் ஃபேனை வையுங்கள். பார்க்க அழகில்லை, வேலை செய்யும்.

ஒத்திகை

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழத்தை அளக்கச் செலவே இல்லை. ஒரு ஜிபி அளவில் ஐந்து வெற்றுக் கோப்புகளை உருவாக்கி, லூப் சாதனங்களாக (கோப்பையே டிரைவ் போல் காட்டும் வசதி) மாட்டி, நான்கில் ஒரு சிறு ரெய்டு 5 கட்டலாம். எக்ஸ்ட்4 போட்டு, சில நூறு எம்பிக்குப் படங்களை நகலெடுத்து, எஸ்எச்ஏ256 கணக்கை (கோப்பு மாறியதா என்று காட்டும் கைரேகை) எடுத்து வைக்க வேண்டும். பிறகு ஐந்தாவதைச் சேர்த்து விரித்துப் பார்க்கலாம். அந்த அரேயின் வேக உச்சத்தை (வினாடிக்குக் கேபி கணக்கில்) 5000-க்கு இறக்கினால் நடுவில் நிறுத்த நேரம் கிடைக்கும். பாதியில் நிறுத்தி, மறுபடி கூட்டி, தொடர்கிறதா, கடைசியில் கணக்குகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். நிஜ அரேயில் ஏதாவது நடக்கும்போது கை நடுங்காமல் இருக்க இது உதவும். அதே கெர்னல், அதே எம்டிஏடிஎம் பதிப்பு என்பதால் அந்தப் பதிப்புக்கே உரிய கோளாறு இருந்தாலும் இங்கே தெரிந்துவிடும்.

தொடங்கும் முன் ஒவ்வொரு உறுப்பின் ‘எக்சாமின்’ வெளியீட்டையும், அரேயின் ‘டீட்டெய்ல்’ வெளியீட்டையும் சேமித்து, சர்வருக்கு வெளியே வைக்க வேண்டும். சங்க் அளவு, உறுப்புகளின் வரிசை, டேட்டா ஆஃப்செட் (உறுப்பில் டேட்டா தொடங்கும் இடம்) மூன்றும் அதில் இருக்கும். எல்லாம் கைமீறிப் போனால் மீட்பவருக்கு முதலில் தேவைப்படும் காகிதம் அதுதான்.

கட்டளை

பங்கிட்ட கோப்புறைகளை நிறுத்தியாயிற்று, ஃபைல்சிஸ்டத்தை இறக்கி (அன்மவுன்ட்), அதைச் சரிபார்க்கும் இ2எஃப்எஸ்சிகே ஒரு முறை ஓட்டியாயிற்று. ரீஷேப்புக்கு ஃபைல்சிஸ்டத்தை இறக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஏற்றியபடியே ஓடும். ஆளில்லாத மாதம் கிடைத்ததால் இறக்கியே வைக்கப்பட்டது.

எந்தப் பகுதியில் எழுதிக்கொண்டிருந்தது என்று அரே வைத்திருக்கும் குறிப்பு பிட்மேப். அதை ‘நன்’ என்று கொடுத்து எடுத்துவிட வேண்டும். பழைய கெர்னல்கள் அது இருந்தால் ரீஷேப்பையே மறுக்கும். ரீஷேப் ஓடும்போது அதைத் திரும்பச் சேர்க்கவும் முடியாது. அதன் பிறகு ‘ஆட்’ கொடுத்துப் புதிய பார்ட்டிஷனைச் சேர்த்தால், நலமாக உள்ள அரேயில் அது ஸ்பேராக (உதிரி டிரைவாக) உட்காரும். ஸ்பேராக உட்காராமல் உடனே மறுகட்டமைப்பு தொடங்கினால், அரே ஏற்கெனவே ஒரு டிரைவை இழந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே நின்று காரணம் தேட வேண்டும்.

பிறகு அந்த ஒரு வரி: எம்டிஏடிஎம் --குரோ /டெவ்/எம்டி0 --ரெய்டு-டிவைசஸ்=5 --பேக்கப்-ஃபைல்=/ரூட்/எம்டி0.பேக். பேக்கப் கோப்பு விரியும் அரேக்குள் இருக்கவே கூடாது. இங்கே அது சிஸ்டம் எஸ்எஸ்டியில். எதற்கு அது? நான்கு சங்க்கை எழுத, பழைய அமைப்பில் ஒன்றேகால் ஸ்ட்ரைப்புக்கும் மேல் படிக்க வேண்டும். ஆகவே படிக்கும் இடம் எழுதும் இடத்தைவிட வேகமாக முன்னே ஓடும், போகப்போக இடைவெளி கூடும். ஆரம்பத்தில் மட்டும் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன. அந்த நொடியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அந்தத் துளிப் பகுதியைக் காப்பதுதான் பேக்கப் கோப்பு. டேட்டாவுக்கு முன்னால் காலி இடம் இருந்தால் புதிய கருவி அங்கே எழுதத் தொடங்கி, இந்தச் சிக்கலையே தவிர்க்கும். இந்த அரேயில் டேட்டா ஆஃப்செட் 264192 செக்டர், அதாவது 129 மெபிபைட், தாராளம்.

கெர்னலின் நிலைக் கோப்பான எம்டிஸ்டாட்டில் ரீஷேப் ஓடுவது தெரியும். வினாடிக்கு 50 எம்பி என்றால் 4 டிபிக்கு 22 மணி நேரம். 10, 15 என்று நொண்டினால் இரண்டு இடத்தைத் தொடலாம். ஒன்று, அரேயின் குறைந்தபட்ச வேகத்தை 50000-க்கு உயர்த்துவது. இன்னொன்று, ஸ்ட்ரைப் கேஷ். இயல்பு மதிப்பு 256. 8192 ஆக்கினால் 4 கேபி × 5 டிரைவ் × 8192, அதாவது 160 மெபிபைட் ரேம் எடுக்கும். இதில்தான் பெரிய வித்தியாசம் தெரியும். சதவீதம் பூஜ்யத்திலேயே நின்றுவிட்டால் பதறி மறுபடி கட்டளை கொடுக்காதீர்கள். பின்னணியில் ஓட வேண்டிய ‘எம்டிஏடிஎம்-குரோ-கன்டின்யூ’ சேவை தோற்றிருக்கிறதா என்று சிஸ்டம்டி பதிவில் பாருங்கள்.

நடுவில் நின்றால்

எதுவரை முடிந்தது என்பது ஒவ்வொரு உறுப்பின் தலைப்பிலும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். ‘எக்சாமின்’ கொடுத்தால் ரீஷேப் நிலையும் 4-லிருந்து 5 என்ற குறிப்பும் தெரியும். ஆகவே கரண்ட் போய் வந்தால் அரே விட்ட இடத்திலிருந்து தொடரும். சில நேரம் ‘தானியங்கி படிப்பு மட்டும்’ நிலையில் ஏறி, ரீஷேப் காத்திருப்பதாகக் காட்டும். ‘ரீட்ரைட்’ கொடுத்தால் ஓடத் தொடங்கும். அறிவித்த மின்தடைக்குப் பயந்து நாமே நிறுத்துவதானால் ஃபைல்சிஸ்டத்தை இறக்கி, அரேயை ‘ஸ்டாப்’ செய்து, சர்வரை முறையாக அணைத்தால் போதும். திரும்பக் கூட்டும்போது அதே பேக்கப் கோப்பின் பாதையைக் கொடுக்க வேண்டும்.

ஒரு டிரைவ் நடுவில் விழுந்தால் ரீஷேப் குறைந்த நிலையிலேயே தொடர்ந்து முடியும், விடுங்கள். இரண்டாவதும் விழுந்தால் அரே நிற்கும். பெரும்பாலும் அது கேபிளோ பவரோதான். டிரைவ்கள் நிஜமாகச் செத்திருக்காது. ஒயரைச் சரிசெய்து, எக்சாமின் வெளியீட்டில் நிகழ்வு எண்கள் (அரேயில் மாற்றம் நடக்க நடக்கக் கூடும் எண்கள்) நெருக்கமாக இருந்தால் ‘அசெம்பிள் ஃபோர்ஸ்’ முயலலாம். எந்த நிலையிலும் ‘கிரியேட்’ மட்டும் கொடுக்கக் கூடாது. பாதி பழைய அமைப்பு, பாதி புதிய அமைப்பு என்றிருக்கும் அரேயில் அது தலைப்புகளை அழித்து, எங்கே பாதி என்ற குறிப்பையும் சேர்த்து அழித்துவிடும்.

ஃபைல்சிஸ்டம்

ரீஷேப் முடிந்ததும் எம்டி0 16 டிபி, 14.55 டெபிபைட் என்று காட்டும். டிஎஃப் கட்டளையில் பழைய அளவுதான் இருக்கும். அவசரப்படாமல் முதலில் இன்னொரு ‘செக்’ சுற்று ஓட்டி, மிஸ்மேட்ச் பூஜ்யம் என்று பார்த்த பிறகே ஃபைல்சிஸ்டத்தை விரிக்கும் ரீசைஸ்2எஃப்எஸ். எக்ஸ்ட்4 ஏற்றியபடியே வளரும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்-குரோஎஃப்எஸ், அதற்கு ஏற்றிய பாதையைக் கொடுக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸை வளர்த்தால் சுருக்க முடியாது. நடுவில் எல்விஎம் இருந்தால் அதற்கான பிவிரீசைஸ் முதலில் வர வேண்டும். சங்க் 512 கேபி, பிளாக் 4 கேபி என்பதால் ஸ்ட்ரைட் (ஒரு சங்க்கில் உள்ள பிளாக் எண்ணிக்கை) 128 மாறாது. ஸ்ட்ரைப் அகலம் 384-லிருந்து 512 ஆனதை டியூன்2எஃப்எஸ்ஸில் சொல்லிவிட வேண்டும். கடைசியாக ஆர்சிங்க் செக்சம் ஒத்திகை, பேக்கப்பை எதிரே வைத்து. ஒரு கோப்பும் வேறுபடவில்லை.

பிட்மேப்பைத் திரும்பச் சேர்த்து, எம்டிஏடிஎம் கட்டமைப்புக் கோப்பைத் திருத்தி, பூட் நேரத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கோப்பின் அரே வரியை ஐந்தாவது டிரைவ் ஸ்பேராக இருந்த நேரத்தில் எடுத்திருந்தால் ‘ஸ்பேர்ஸ்=1’ என்று ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு ஸ்பேர் காணோம் என்று அஞ்சல் வந்துகொண்டே இருக்கும். அஞ்சல் உண்மையில் போய்ச்சேருகிறதா என்று ‘மானிட்டர்’ சோதனை ஒன்றும் அனுப்பிப் பாருங்கள்.

இசட்எஃப்எஸ் (ரெய்டும் ஃபைல்சிஸ்டமும் ஒன்றான அமைப்பு) வைத்திருப்பவர்களுக்கு: ரெய்டு-இசட்டில் ஒற்றை டிரைவைக் கூட்டும் வசதி 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3-ல்தான் கிடைத்தது. கட்டளை ‘அட்டாச்’. எச்சரிக்கையை மீறி ‘ஆட்’ கொடுத்தால் புதிய டிரைவ் பாதுகாப்பில்லாத தனி விடெவ் (டிரைவ் தொகுதி) ஆகிப் பூலில் (மொத்தச் சேமிப்பில்) சேர்ந்துவிடும். ரெய்டு-இசட் இருக்கும் பூலிலிருந்து அதைக் கழற்ற முடியாது. பழைய கோப்புகள் திருப்பி எழுதும் வரை பழைய பாரிட்டி விகிதத்திலேயே இருக்கும்.

ஆறாவது டிரைவ் வாங்கும்போது ரெய்டு 5-ல் கூட்ட வேண்டாம். இரண்டு டிரைவ் போனாலும் தாங்கும் ரெய்டு 6-க்கு மாறுவதே சரி. ஐந்தோடு ஒன்று சேர்த்து ரெய்டு 6 ஆக்கினால் டேட்டா டிரைவ் எண்ணிக்கை நான்காகவே இருக்கும், இடம் கூடாது, பாதுகாப்பு மட்டும் கூடும். அந்த மாற்றத்தில் படிக்கும் இடமும் எழுதும் இடமும் கடைசி வரை ஒன்றாகவே நகர்வதால் பேக்கப் கோப்பு முழு நேரமும் வேலை செய்யக்கூடும், வேகம் படுத்துவிடும். ‘லேஅவுட்=பிரிசர்வ்’ கொடுத்தால் இரண்டாவது பாரிட்டி முழுக்கப் புதிய டிரைவிலேயே உட்கார்ந்து, சாதாரண மறுகட்டமைப்பு அளவு நேரத்தில் முடியும். ஏழாவதாக இன்னொன்று கூட்டினால் ஃபைல்சிஸ்டம் 18.19 டெபிபைட். 16-ஐத் தாண்ட எக்ஸ்ட்4-ல் 64 பிட் வசதி இருந்தாக வேண்டும். டியூன்2எஃப்எஸ் பட்டியலில் அது இல்லையென்றால் ஃபைல்சிஸ்டத்தை இறக்கி ரீசைஸ்2எஃப்எஸ்ஸின் ‘பி’ விருப்பத்தில் மாற்றலாம். இந்தச் சர்வரில் அது ஏற்கெனவே இருக்கிறது.